வெலிரெக் 40 மி.கி.: ஒரே மாத்திரை, இரண்டு மதிப்பெண்

ஒரு பாட்டிலில் 90 மாத்திரை. நீல நிறம், முட்டை வடிவம், ஒரு பக்கத்தில் 177 என்று பொறித்திருக்கும். கூடவே ஈரம் உறிஞ்சும் சிறு குப்பிகள் கிடக்கும், அவை விழுங்குவதற்கல்ல. ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை, அதாவது 120 மி.கி., தினம் ஒரே ஒரு தடவை. ஆக ஒரு பாட்டில் சரியாக 30 நாளைக்கு வரும். சிலவகைச் சிறுநீரகப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து இது, பெயர் பெல்சூட்டிஃபான். வெலிரெக் என்பது கடைப்பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் அட்டையில் மெர்க் என்றிருக்கும், மற்ற நாடுகளில் எம்.எஸ்.டி. என்றிருக்கும். இரண்டும் ஒரே கம்பெனிதான். ஜெர்மனியின் மெர்க் வேறு கம்பெனி.

இது கீமோ இல்லை, இம்யூனோதெரபியும் இல்லை. சிறுநீரகப் புற்றுக்கு நாம் பழகிய சுனிடினிப், பசோபனிப், காபோசான்டினிப் எல்லாம் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களை மறிப்பவை. எவரோலிமஸ் செல்லின் வளர்ச்சிச் சமிக்ஞையில் கைவைக்கும். வெலிரெக் இவற்றுக்கெல்லாம் மேலே, ஊற்றுக்கண்ணுக்கே போகிறது. ‘ஆக்சிஜன் போதவில்லை’ என்று செல் போடும் கூச்சலையே அடக்கப் பார்க்கிறது.

இதற்கு ஒரே மதிப்பெண் போட்டால் தப்பாகிவிடும். பரம்பரையாக வி.எச்.எல். (வான் ஹிப்பெல்-லிண்டாவ்) நோய், அதாவது ஒரு மரபணு பழுதாகிப் பல உறுப்புகளில் கட்டி வரும் நோய் உள்ளவருக்கு 5க்கு 4.5. மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு, பரவிய சிறுநீரகப் புற்றுக்கு எடுப்பவருக்கு 5க்கு 3. இரண்டு பேரும் விழுங்குவது அதே நீல மாத்திரைதான். வித்தியாசம் அவரவர் கட்டிக்குள் எந்தெந்த மரபணு போயிருக்கிறது என்பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் எடைபோட முடியாது.

குடம் நிறையத் தண்ணீர், ஆனாலும் லாரிக்குப் போன்

நம் செல்கள் ஒவ்வொன்றும் ஹிஃப் என்ற புரதத்தை விடாமல் செய்துகொண்டே இருக்கின்றன, செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கின்றன. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அதில் ஒரு வகையான ஹிஃப்-1 ஆல்பாவின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் நேரம், ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அழிக்கும் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பி.எச்.டி. என்ற நொதி, ஆக்சிஜனை எடுத்து ஹிஃப்பின் மேல் ஒரு முத்திரை குத்துகிறது. இந்த வேலைக்கு அதற்கு இரும்பும் ஆக்ஸோகுளூட்டரேட் என்ற வேதிப்பொருளும் வேண்டும். முத்திரை விழும் இடம்கூடத் தெரிந்ததுதான்: இன்னொரு வகையான ஹிஃப்-2 ஆல்பாவில் 405ஆம், 531ஆம் இடத்தில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலங்கள். அடுத்தது வி.எச்.எல். மரபணு செய்துதரும் புரதத்தின் வேலை. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ‘இதை அழி’ என்று காட்டும் யூபிக்விட்டின் சங்கிலியைக் கட்டி, செல்லின் குப்பை அரைவைக்கு அனுப்பிவிடும்.

ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை விழாது, ஹிஃப் தங்கிவிடும். தங்கிய ஹிஃப் செல்லின் உட்கருவுக்குள் போய், ஹிஃப்-1 பீட்டா என்ற கூட்டாளியோடு கைகோத்து, பஞ்ச காலத்து மரபணுக்களை எழுப்பும். புது ரத்தக்குழாய்க்கு விஇஜிஎஃப், சர்க்கரையை உள்ளே இழுக்க க்ளூட்-1, சிவப்பணு உற்பத்திக்கு எரித்ரோபொயட்டின். மலை ஏறுபவருக்கு உயிர் காக்கும் ஏற்பாடு இது. இதைக் கண்டறிந்ததற்குத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சிறுநீரகத்தின் கிளியர் செல் வகைப் புற்றில் வி.எச்.எல். மரபணு செத்துப்போயிருக்கும். பரம்பரையில் வராமல் தானாக வரும் கட்டிகளிலும் பத்தில் ஒன்பது வரை இந்த நிலைதான். ஆக்சிஜன் இருக்கிறது, முத்திரையும் விழுகிறது, ஆனால் முத்திரை பார்த்து அள்ளிப்போக ஆளில்லை. வீட்டில் குடம் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, சொட்டுத் தண்ணீர் இல்லை என்று தினமும் லாரிக்குப் போன் போடுவது மாதிரி. லாரியும் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கட்டியைக் கத்தியால் வெட்டினால் பொன்மஞ்சள் நிறத்தில், இடையிடையே ரத்தத் திட்டுகளோடு இருக்கும். செல்லுக்குள் கொழுப்பும் கிளைக்கோஜனும் அடைந்து கிடப்பதால் வந்த மஞ்சள் அது. ஸ்லைடு தயாரிக்கும்போது அந்தக் கொழுப்பு கரைந்து வெளியேறிவிட, நுண்ணோக்கியில் செல்கள் கண்ணாடியாகத் தெரியும். ‘கிளியர் செல்’ என்ற பெயர் அதனால்தான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்துவிட வேண்டும். கட்டி ஆக்சிஜன் குறைவால் வளர்கிறது என்று கேள்விப்பட்டு, ஆக்சிஜன் அறையில் உட்கார்வது, மூச்சுப்பயிற்சியால் கட்டியைக் கரைப்பது என்று கிளம்புபவர்கள் உண்டு. மூச்சுப்பயிற்சி உடம்புக்கு நல்லதுதான். ஆனால் வி.எச்.எல். போன செல், ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கட்டியின் நடுப்பகுதியில் நிஜமான ஆக்சிஜன் தட்டுப்பாடும் இருக்கும், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். என்றாலும் மூலக்கோளாறு ஆக்சிஜனில் இல்லை, அதை அளக்கும் கருவியில்தான்.

ஒரு வெட்டில் நான்கு காவலர்கள்

வி.எச்.எல். ஒரு கட்டியடக்கி மரபணு. 1993இல் அடையாளம் காணப்பட்டது. மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில், நுனிப்பக்கம் இருக்கிறது. எல்லா மரபணுவையும் போல அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று என்று இரண்டு பிரதி. இரண்டும் போனால்தான் ஆபத்து. ‘இரண்டு அடி’ என்று 1971இல் ஆல்ஃப்ரட் நட்சன் சொன்ன கணக்கு இதுதான். வி.எச்.எல். குடும்பங்களில் ஒரு பிரதி பிறக்கும்போதே பழுது. ஆகவே உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு அடி தூரத்தில் நிற்கிறது. சுமார் 36,000 பிறப்புக்கு ஒருவருக்கு இப்படி. இவர்களுடைய ஒரு சிறுநீரகத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத கட்டிகள் 600 வரையும், நீர்க்கட்டிகள் 1,100 வரையும் இருக்கலாம் என்று 1990களிலேயே கணக்கிட்டார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 600ஐ வெட்டி எடுக்க முடியாது. பெரிய கட்டி 3 செ.மீ. எட்டும்வரை பொறுத்திருந்து, எட்டியதும் எடுப்பதுதான் பழைய வழி. சிலருக்கு மூளை, முதுகுத்தண்டு, கண், கணையம் என்று ஒவ்வொன்றாகக் கத்தி வைத்தே ஆயுள் கழியும்.

தானாக வரும் கிளியர் செல் புற்றில் நடப்பது வேறு. மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையே ஒரு பிரதியில் முறிந்துபோகிறது. அதில் வி.எச்.எல். மட்டுமா இருக்கிறது? சற்றுத் தள்ளி பிபிஆர்எம்-1, பாப்-1, செட்டி-2 என்று இன்னும் மூன்று கட்டியடக்கிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரே வெட்டில் நான்கு காவலர்களுக்கும் ஒரு கை போய்விட்டது. 2018இல் வந்த ஆய்வு இந்த முறிவு பல நோயாளிகளுக்குச் சிறுவயதிலோ பதின்வயதிலோ நடந்துவிடுகிறது என்று காட்டியது. கட்டி ஸ்கேனில் தெரிவதோ பல பத்தாண்டு கழித்து. நடுவில் மற்ற காவலர்களில் யார் இரண்டாவது கையையும் இழக்கிறார் என்பதைப் பொறுத்துக் கட்டியின் குணம் மாறும். பாப்-1 முழுதாகப் போன கட்டி முரடு, சீக்கிரம் பரவும். பிபிஆர்எம்-1 மட்டும் போனது பொதுவாக அவ்வளவு முரடு இல்லை.

வெலிரெக் எந்தக் காவலரையும் உயிர்ப்பிக்காது. வி.எச்.எல். இல்லாததால் மிஞ்சிக் கிடக்கும் ஹிஃப்-2 ஆல்பாவை மட்டும் கட்டிப்போடும். பாப்-1 போனதால் வரும் வினைக்கு அதனிடம் பதில் கிடையாது. இரண்டு மதிப்பெண் போட்டதற்கு முதல் காரணம் இதுதான். பரம்பரை நோயாளியின் 2 செ.மீ. கட்டி பெரும்பாலும் வி.எச்.எல். இழப்பையே நம்பி வாழ்கிறது. பத்து வருடம் மருந்துகளோடு மல்லுக்கட்டிப் பரவிய கட்டிக்கு வேறு பல கால்கள் முளைத்திருக்கும்.

குகைக்குள் ஒரு ஆப்பு

ஹிஃப்-1, ஹிஃப்-2 இரண்டும் உடன்பிறப்புகள். சிறுநீரகப் புற்றைப் பொறுத்தவரை தம்பிதான் வில்லன். அண்ணன் ஹிஃப்-1 இங்கே கட்டியை அடக்கும் பக்கம் சாய்ந்தவர். அவருடைய மரபணு இருக்கும் 14ஆம் குரோமோசோமின் நீளக் கை இந்தப் புற்றில் அடிக்கடி தொலைந்துபோவதே அதற்குச் சாட்சி. ஆய்வகங்களில் எல்லோரும் பயன்படுத்தும் 786-ஓ என்ற செல் வரிசையில் வி.எச்.எல். கிடையாது, வேலை செய்யும் ஹிஃப்-1 ஆல்பாவும் கிடையாது, ஹிஃப்-2 மட்டும் உண்டு. அதில் வி.எச்.எல்.-ஐத் திரும்ப வைத்தால் எலியில் கட்டி வளராது. வி.எச்.எல். உத்தரவுக்குப் பணியாத ஹிஃப்-2வைக் கூடவே வைத்தால் மறுபடி வளரும். 1995 முதல் 2003 வரை கேலின் குழு செய்த இந்தச் சோதனைகள்தான் குறி எங்கே என்று காட்டிக்கொடுத்தன.

குறி தெரிந்தும் மருந்து வரப் பதினெட்டு வருடம் ஆயிற்று. டி.என்.ஏ.வோடு ஒட்டி வேலை செய்யும் இத்தகைய புரதங்களில் மருந்து போய் உட்கார வாகான பள்ளம் கிடைப்பது அபூர்வம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் மருத்துவ மையத்தில் ரிச்சர்ட் ப்ரூயிக், கெவின் கார்ட்னர் ஆகியோர் ஹிஃப்-2 ஆல்பாவின் ‘பாஸ்-பி’ பகுதிக்குள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு குகையைக் கண்டார்கள். அந்தக் குகைக்குள் ஒரு மூலக்கூறைச் செருகினால் புரதத்தின் உருவம் சற்றே பிதுங்கி, ஹிஃப்-1 பீட்டாவோடு கைகோக்க முடியாமல் போகும். இதை மருந்தாக்க டல்லஸில் பெலட்டான் என்ற நிறுவனம் பிறந்தது. 2019இல் மெர்க் அதை வாங்கிக்கொண்டது. பெலட்டான் என்பது சைக்கிள் பந்தயத்தில் கூட்டமாக ஓட்டுபவர்களுக்குப் பெயர். அந்தப் பந்தயங்களில் களவாக ஊசியில் ஏற்றிக்கொண்ட அதே எரித்ரோபொயட்டினைத்தான் இந்த மாத்திரை குறைக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

அவர்களுடைய முதல் மூலக்கூறு பிடி2385. அது சிலருடைய ரத்தத்தில் போதிய அளவு நின்றது, சிலருக்குச் சட்டென்று கழிந்துவிட்டது. கல்லீரலும் குடலும் அதோடு ஒரு சர்க்கரைத் துண்டை ஒட்டி வெளியேற்றிக்கொண்டிருந்தன. ஒரே கார்பனில் இருந்த இரண்டு ஃப்ளோரின் அணுக்களைப் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களுக்குப் பிரித்து வைத்தார்கள். வெளியேற்றம் தணிந்தது, பிடிமானமும் கூடியது. அதுதான் பிடி2977, இன்றைய பெல்சூட்டிஃபான்.

எண்கள் சொல்வது

2021 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவில் வி.எச்.எல். நோய்க்கு அனுமதி கிடைத்தது. உடனடி அறுவை தேவைப்படாத சிறுநீரகப் புற்று, மூளை-தண்டுவட ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா (ரத்தக்குழாய்க் கட்டி), கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் செல்களில் வருவது) மூன்றுக்கும். ஆதாரமாக இருந்த லைட்ஸ்பார்க்-004 ஆய்வில் 61 பேர். சிறுநீரகக் கட்டி அளவுகோல்படி சுருங்கியவர்கள் 49 சதவீதம். கண்ணில் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா இருந்த 16 கண்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சுருக்கம் தெரிய நாளாகும். நடுமதிப்பாக 8 மாதம். முதல் ஸ்கேனில் ‘அப்படியே இருக்கிறது’ என்று வந்தவுடன் மனம் தளர்ந்து நிறுத்துவதுதான் இந்தக் கூட்டத்தில் நடக்கக்கூடிய பெரிய தவறு. வளரவில்லை என்பதே இங்கே வெற்றிதான்: 3 செ.மீ. கோட்டைத் தொடாதவரை கத்தி தள்ளிப்போகிறது.

2023 டிசம்பர் 14 அன்று இரண்டாவது அனுமதி: பரவிய சிறுநீரகப் புற்று, இம்யூனோதெரபி, ரத்தக்குழாய் மறிப்பு மருந்து இரண்டும் கொடுத்த பிறகு. லைட்ஸ்பார்க்-005 ஆய்வில் 746 பேர், எதிர்த்தரப்பில் எவரோலிமஸ். கட்டி சுருங்கியவர்கள் வெலிரெக்கில் சுமார் 22 சதவீதம், எவரோலிமஸில் 4க்கும் குறைவு. நோய் முற்றாமல் நின்ற காலத்தின் நடுமதிப்பு இரண்டு பக்கமும் 5.6 மாதம்! அப்படியென்றால் என்ன லாபம் என்று கேட்கலாம். 18 மாதம் கழித்துப் பாருங்கள்: நோய் முற்றாமல் இருந்தவர்கள் இங்கே 24 சதவீதம், அங்கே 8.3 சதவீதம். கட்டி மருந்துக்குக் கட்டுப்படுபவருக்கு நீண்டநாள் கட்டுப்படுகிறது, கட்டுப்படாதவருக்கு முதல் ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது. வெலிரெக் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கட்டி ஆரம்பத்திலிருந்தே வளர்ந்துகொண்டுதான் இருந்தது. மொத்த ஆயுட்காலத்தில் உறுதியான வித்தியாசம் நிரூபணமாகவில்லை. பக்கவிளைவு தாங்காமல் மருந்தை விட்டவர்கள் மட்டும் வெலிரெக்கில் தெளிவாகக் குறைவு: 6 சதவீதத்தை ஒட்டி, எவரோலிமஸில் 15ஐ ஒட்டி.

இதற்கான விளக்கம் முன்பே எலிகளில் கிடைத்திருந்தது. நோயாளிகளின் கிளியர் செல் கட்டிகளை எலிகளுக்கு ஒட்டி, இந்த மருந்தின் உடன்பிறப்பான பிடி2399ஐக் கொடுத்துப் பார்த்தபோது 18 கட்டி வரிசைகளில் 10 அடங்கின, 8 அசையவில்லை. அடங்கியவற்றில் ஹிஃப்-2 அளவு அதிகம். வி.எச்.எல். இழந்த கட்டி எல்லாமே ஹிஃப்-2வை நம்பி இருப்பதில்லை. யாருடையது எந்தப் பக்கம் என்று மாத்திரைக்கு முன்பே சொல்லும் அன்றாடப் பரிசோதனை கையில் இல்லாததுதான் இரண்டாவது கூட்டத்துக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்ததற்கு இன்னொரு காரணம். விலை மூன்றாவது காரணம். சாதாரணக் குடும்பம் கைக்காசில் வாங்கக்கூடிய பொருள் அல்ல இது. பரவிய நோய்க்கு எடுப்பவர் முதல் ஸ்கேன் வரை பாட்டிலை மொத்தமாக வாங்கிச் சேர்க்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

பாட்டிலைத் திறந்த பிறகு

விழுங்குவதில் சிரமம் இல்லை. சாப்பாட்டுக்கு முன், பின் எது வேண்டுமானாலும்; நேரம் மட்டும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். முழுதாக விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. காலையில் மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வரும்போது எடுக்கலாம். மறுநாள் ஆகிவிட்டால் மறுநாள் அளவு மட்டும், ஈடுகட்ட ஆறு மாத்திரை விழுங்கக் கூடாது. விழுங்கி வாந்தி எடுத்தாலும் அன்றைக்கு மறுபடி வேண்டாம். உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 14 மணி நேரம் ஆகும். மூன்று நாளில் ரத்தத்தில் அளவு நிலைப்பட்டுவிடும்.

தலைவலி, அசதி, குமட்டல், தலைசுற்றல், கிரியாட்டினின் ஏறுவது, சர்க்கரை சற்று ஏறுவது எல்லாம் வரலாம். பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவை இரண்டுதான்: ரத்தசோகை, ஆக்சிஜன் அளவு. இரண்டுமே மருந்து தடுமாறி வேறெங்கோ இடித்ததால் வருபவை அல்ல. சொன்ன வேலையைச் சரியாகச் செய்வதால் வருபவை. சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் சுரப்பது ஹிஃப்-2 சொல்லித்தான். கழுத்துத் தமனியில் இருக்கும் கரோட்டிட் உடல் என்ற சின்ன உறுப்பு, ஆக்சிஜன் குறைந்தால் ‘வேகமாக மூச்சு விடு’ என்று உசுப்புவதிலும் ஹிஃப்-2வுக்குப் பங்கு உண்டு. கட்டியில் அடைத்த வாயை இங்கேயும் சேர்த்து அடைக்கிறது மாத்திரை.

லைட்ஸ்பார்க்-004இல் ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் 93 சதவீதம். கடுமையாகக் குறைந்தவர்கள் 7 சதவீதம். ஏற்கெனவே பல சிகிச்சை பார்த்து நைந்துபோன 005 கூட்டத்தில் கடுமையான ரத்தசோகை கிட்டத்தட்ட 30 சதவீதத்தை எட்டியது. பெரும்பாலும் முதல் மாத முடிவிலேயே தெரியத் தொடங்கும். ஆகவே தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு ஆரம்ப மாதங்களில் அடிக்கடி. 8 கிராமுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவைத்து, 8க்கு மேல் ஏறியதும் அதே அளவிலோ குறைத்தோ தொடர்வது வழக்கம். குறைக்கும் படிகள் எளிது: 120இலிருந்து 80, 80இலிருந்து 40, அதற்கும் தாங்கவில்லை என்றால் நிறுத்தம். இரும்பு மாத்திரை எல்லோருக்கும் பயன்படாது. இரும்புச்சத்துக் குறைவு நிரூபணமானால் மட்டும் சரி. இங்கே பற்றாக்குறை பெரும்பாலும் இரும்பில் இல்லை, ‘சிவப்பணு செய்’ என்ற கட்டளையில். வி.எச்.எல். நோயாளிகளுக்கு எரித்ரோபொயட்டின் ஊசியைக் கூட்டிக் கொடுப்பதை மருந்துக் குறிப்பு பரிந்துரைப்பதில்லை.

ஆக்சிஜன் குறைவு 004இல் அபூர்வம். 005இல் சுமார் 15 சதவீதம், அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவானது கடுமையானது. பாட்டிலோடு ஒரு விரல் ஆக்சிமீட்டரும் வாங்கிவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை, ஒரு மாடி ஏறிவந்ததும் ஒரு தடவை. ஏறிவந்த பிறகு 88க்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவைப்பதா என்று கேட்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 88க்குக் கீழ் என்றால் கேள்வியே இல்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்காததால் நன்றாக இருக்கிறோம் என்று நம்ப வேண்டாம். மூச்சு வாங்கச் சொல்லும் உறுப்பின் வாயைத்தான் அடைத்திருக்கிறதே. ஆக்சிமீட்டரிலும் இரண்டு கோளாறு உண்டு. நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இரண்டும் கணக்கைக் கெடுக்கும். கறுத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், ஆகவே நம்மில் பலருக்கு 90 என்று தெரிந்தாலே உஷாராகலாம்.

அதைவிடப் பெரிய கோளாறு, அது காட்டுவது சதவீதத்தை மட்டும் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜன் சுமக்கும். ஹீமோகுளோபின் 14, ஆக்சிமீட்டர் 98 என்றால் 100 மி.லி. ரத்தத்தில் 18.4 மி.லி. ஆக்சிஜன். ஹீமோகுளோபின் 8, ஆக்சிமீட்டர் அதே 98 என்றால் 10.5 மி.லி. திரையில் இரண்டும் ஒரே எண்தான். எனவே விரலில் 98 வந்தாலும் படியேறினால் கால் துவண்டால், ரத்தப் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். விமானப் பயணமும் யோசிக்க வேண்டியதே. கேபினுக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் வரையிலான மலை உயரத்துக்குச் சமமாக இருக்கலாம்.

கருவுற்ற பெண்ணுக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது. அட்டையில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை அதற்குத்தான்; கரு வளர ஹிஃப் வேண்டும். தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். கருத்தடை மாத்திரையை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெலிரெக், கல்லீரலில் சிப்-3ஏ4 என்ற நொதியை முடுக்கி, ஹார்மோன் மாத்திரையைச் சீக்கிரம் கரைத்துவிடும். காப்பர்-டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத வழிதான் சரி. கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஒரு வாரம். அதே நொதி வழியாகக் கழியும் டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள், குறிப்பாகச் சிறுநீரகம் மாற்றியவர்கள், ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

நமக்கென்று ஒரு குறிப்பு

பெல்சூட்டிஃபானைக் கழிக்கும் வேலை முக்கியமாக இரண்டு நொதிகளுடையது: யூஜிடி2பி17, சிப்2சி19. இவை மெதுவாக வேலை செய்யும் ஆட்கள் எத்தனை பேர் என்பது இனத்துக்கு இனம் மாறும். மருந்துக் குறிப்பின்படி முதலாவது மந்தமானவர்கள் வெள்ளையரில் சுமார் 15 சதவீதம், தெற்காசியரில் சுமார் 38. இரண்டாவது மந்தமானவர்கள் வெள்ளையரில் சுமார் 2, தெற்காசியரில் சுமார் 8. இரண்டுமே மந்தமானவர் நம்மிடையே நூற்றுக்கு மூன்று பேர். அவர்களுக்கு அதே 120 மி.கி. உடம்பில் கூடுதலாகத் தேங்கும், ரத்தசோகையும் கூடுதலாக அடிக்கும். மருந்துக் குறிப்பு தொடக்க அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. நெருக்கமாகக் கவனிக்கச் சொல்கிறது.

இதில் நாமே குழி வெட்டிக்கொள்ளும் இடம் கேஸ் மாத்திரை. ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டும் சிப்2சி19ஐ மந்தமாக்கும். சீட்டே இல்லாமல் வாங்கி வெறும் வயிற்றில் தினம் போடும் பழக்கம் இங்கே ஏராளம், மருத்துவரிடம் ‘வேறு மருந்து எதுவும் இல்லை’ என்றும் சொல்வார்கள். ஹீமோகுளோபின் காரணமில்லாமல் சரிந்தால் முதலில் அந்த அட்டையைத் தேட வேண்டும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்சமின் இரண்டும் அதே நொதியை இன்னும் பலமாக அடக்கும்.

கட்டி வழி கண்டுபிடிப்பது

மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டிருந்த கட்டி ஒரு நாள் மறுபடி வளரும். முதல் மூலக்கூறான பிடி2385 எடுத்த நோயாளியிடம் அதன் வழி அகப்பட்டது: ஹிஃப்-2 ஆல்பாவில் 323ஆம் இடத்தில் கிளைசின் போய், உடம்பு பெருத்த குளூட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டது. குகையின் வாசலில் பாறை உருட்டிவைத்த மாதிரி, மருந்து உள்ளே நுழைய முடியாது. எலிகளுக்கு ஒட்டி பிடி2399 கொடுத்த கட்டியிலோ மாற்றம் கூட்டாளியான ஹிஃப்-1 பீட்டாவில், 446ஆம் இடத்தில். மருந்து குகைக்குள் இருந்தாலும் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். இப்படி வளரும்போது அளவைக் கூட்டிப் பயனில்லை, வேறு வழிக்கு மாற வேண்டியதுதான்.

மாத்திரையை நிறுத்தினால் மூன்று நாளில் பெரும்பாலும் உடம்பைவிட்டுப் போய்விடும். ஹீமோகுளோபின் மெல்ல ஏறும். வி.எச்.எல். மரபணு பழுதாகவே இருப்பதால் கட்டியும் தன் பழைய வேலைக்குத் திரும்பலாம். நிறுத்திய தேதியைக் கோப்பில் எழுதி, அடுத்த ஸ்கேனை அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள். மீந்த பாட்டிலை ‘அவருக்கும் கிட்னி கேன்சர்தானே’ என்று இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம். லைட்ஸ்பார்க்-005இல் சேர்த்தது கிளியர் செல் உள்ளவர்களை மட்டும். அவருடைய பயாப்சித் தாளில் பாப்பில்லரி என்றோ குரோமோஃபோப் என்றோ வேறு வகை இருந்தால், அந்தக் கட்டி ஓடுவது பெரும்பாலும் வி.எச்.எல். வழியில் அல்ல, ரத்தசோகை மட்டும்தான் அவருக்கு மிஞ்சும். பாட்டில் மருந்தகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ திரும்பிப் போகட்டும்.